தகரப் பெட்டியில் இருந்த திறப்பு

எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலே ஒரு தகரப் பெட்டி இருக்கின்றது. ஒரு காலத்தில் பிஸ்கற்று வந்த பெட்டி. மூடியிலிருந்த படம் துருவேறி மறைந்து பல ஆண்டுகளாயின. அதனுள் என்ன இருக்கின்றது என்று எவராவது வினவினால், "ஒன்றுமில்லை" என்பதே என் தாயாரின் விடை. ஆயினும், அந்த ஒன்றுமில்லாததை எறிந்துவிட அவர் எவருக்கும் இடங்கொடுத்தவரல்லர்.

சென்ற பாடசாலை விடுமுறையில் என் மகள் அப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் அமர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பிற் படிக்கின்ற பிள்ளை. "அப்பாச்சி, இதிலை ஒரு மாலை செய்யட்டா?" என்று கேட்டாள். பாக்குவெட்டியும் கையுமாக இருந்த என் தாயார் நிமிர்ந்து பார்த்தார். பேத்தி கேட்டதை மறுக்க அவருக்குத் தெரியாது. "செய் மோனை. ஆனால் ஒண்டையும் வெட்டாதை, உருக்காதை" என்றார். அந்த நிபந்தனை எதனால் விதிக்கப்பட்டது என்பதை அங்கிருந்தவர்களுள் நான் ஒருவனே அறிவேன். அதனைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

பெட்டியைக் கவிழ்த்தோம். வார் இழந்த கைக்கடிகாரம் ஒன்று, கொளுவி அற்ற அரைச் சங்கிலி ஒன்று, பழைய நாணயங்கள் சில, சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த சிப்பிப் பொத்தான்கள் பத்துப் பன்னிரண்டு, சோடாப் போத்தலிலிருந்து வந்த கண்ணாடிப் போளை ஒன்று, இரும்புத் திறப்பு ஒன்று, நான்காக மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தினுள் ஏழு சிவப்புக் கற்கள் இருந்தன. அதை மட்டும் நான் எடுத்து மீண்டும் பெட்டியில் வைத்தேன்.

ஆபரணம் என்றவுடன் நம்மவருக்குப் பவுன் கணக்கே முதலில் நினைவுக்கு வரும். பவுன் என்ற சொல்லே ஒரு நாணயத்தின் பெயர்தான். ஆங்கிலேயரின் 22 கரட் தங்க நாணயம் 7.98 கிராம் எடையுள்ளது. அதனையொட்டியே இன்றும் 8 கிராமை ஒரு பவுன் என்கின்றோம். குதிரைமேல் அமர்ந்த வீரன் பறவைநாகத்தைக் கொல்லும் அந்த நாணயத்தைக் கோத்தே நம் பாட்டிமார் காசுமாலை அணிந்தனர். ஆகவே, கையில் அகப்பட்ட பழம்பொருளை மாலையாக்குதல் நமக்குப் புதியதோர் நாகரிகம் அன்று. பொருளின் விலைதான் வேறு.

எங்கள் பெட்டியில் இருந்த நாணயங்கள் தங்கமல்ல. நாற்புறமுஞ் சதுரமான ஐந்துசதம் இரண்டு. விளிம்பு பூவிதழ்போல் வளைந்து செல்லும் இரண்டுசதம் ஒன்று. 1944 ஆம் ஆண்டு நிக்கல் கலந்த பித்தளையில் அடித்தது. 1963 ஆம் ஆண்டு அதே வடிவம் அலுமினியத்திற்கு மாறியது. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால், காலம் எவ்வளவு எடையிழந்தது என்பது தெரியும். என் மகளுக்கு அந்த இரண்டுசதம் நாணயமாகவே தோன்றவில்லை. "பூவொன்றை ஆரோ நசுக்கி வைச்சிருக்கினம்" என்றாள். துளையிட வேண்டாம் என்ற நிபந்தனைக்கு அவ்விதழ் விளிம்பே வழி காட்டிற்று. செப்புக் கம்பியை விளிம்பின் குழிகளிற் படியச் சுற்றினால் நாணயம் அசையாது நிற்கின்றது. வேண்டாதபோது கம்பியை அவிழ்த்துவிட்டால் நாணயம் முன்போலவே நாணயம். சதுர ஐந்துசதத்திற்கு இது பொருந்தாது, கம்பி வழுக்கிவிடும். நான்கு மூலைகளையுங் குறுக்காகப் பிணைக்க வேண்டும். அவ்வாறு பிணைத்தால் தபாலிற் போகும் பொதிபோலத் தோன்றுகிறது என்று அவள் அதனைக் கைவிட்டாள்.

இவ்விடத்தில் என் வீட்டில் நிகழ்ந்த ஒரு நகைப்புக்கிடமான தவறையுஞ் சொல்லவேண்டும். நான் கல்லூரியில் இரசாயனங் கற்பிப்பவன். வகுப்பில் அமிலத்தைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகின்றவன். நான் நூலகம் சென்று திரும்புவதற்குள், பெட்டியிலிருந்த அனைத்தையும் என் மகள் ஒரு கோப்பையிலிட்டுத் தேசிக்காயைப் பிழிந்து ஊறவைத்துவிட்டாள். பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் விளக்குவதைப் பார்த்த பிள்ளை அல்லவா? நாணயங்கள் பளபளத்தன. பொத்தான்களோ நுரை கக்கிக்கொண்டிருந்தன. சிப்பியும் முத்தும் பவளமும் கல்சியங் காபனேற்று என்னும் ஒரே பொருளாலானவை. அமிலம் பட்டால் கரியமிலவாயுவை வெளிவிட்டுக் கரையத் தொடங்கும். மூன்று பொத்தான்கள் தம் ஒளியை இழந்து சுண்ணாம்புக் கட்டிபோலாயின. அவற்றை அவள் எறியவில்லை. பின்பக்கமாகத் திருப்பிக் கோத்துக்கொண்டாள்.

நாணயங்கள் பளபளத்ததிலும் எனக்கு மகிழ்ச்சியில்லை. 80 ஆண்டுகளாகப் பலர் கைபட்டு ஏறிய கபில நிறம் ஒரு நாழிகையில் மறைந்தது. பழைய நாணயத்தை விளக்குதல், என் அபிப்பிராயத்தில், பழைய ஏட்டை வெள்ளையடிப்பது போன்றதே. நாணயஞ் சேர்ப்போரும் விளக்கிய நாணயத்தை மதிப்பதில்லை. அழுக்கைப் போக்க இளஞ்சூட்டு நீரும் சிறிது சவர்க்காரமும் மென்மையான துணியும் போதும்.

வெள்ளியின் சங்கதி வேறு. அந்த அரைச் சங்கிலி கரிபோற் கறுத்துக் கிடந்தது. வெள்ளி கறுப்பதற்குக் காரணம் அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியோடு கூடி வெள்ளிச் சல்பைட்டு என்னும் கரிய படலத்தை உண்டாக்குகின்றன. தேய்த்தால் படலத்தோடு வெள்ளியும் போகும். தேய்க்காமல் நீக்க ஒரு வழி உண்டு. பீங்கான் கோப்பையின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேற் சங்கிலி படும்படி வைத்து, அப்பச்சோடாவைக் கரைத்த கொதிநீரை ஊற்றுக. வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்தோடு போய்விடும்; வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். அழுகிய முட்டையின் நாற்றம் சிறிது எழும். அஞ்சவேண்டாம், சன்னலைத் திறந்துவைத்தாற் போதும். கல் பதித்த நகையையும் முத்து நகையையும் இவ்வாறு செய்தலாகாது. என் மகள் இதனைக் கண்டு, "அப்பா, உங்கடை பாடம் இவ்வளவு நல்லதெண்டு வகுப்பிலை தெரியேல்லை" என்றாள். பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பிக்கின்றவனுக்குக் கிடைத்த நற்சான்று அது.

பெட்டியிலுள்ளவை போதாவென்று கடற்கரைக்கும் போனோம். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் நீரோரமாக நடந்தால், சிப்பிகளுக்கிடையே பச்சையும் கபிலமுமாகக் கண்ணாடித் துண்டுகள் கிடக்கும். புதிதாக உடைந்தது கையைக் கிழிக்கும். பல பத்தாண்டுகள் கடலில் உருண்டது அவ்வாறன்று. மணலும் அலையும் முனைகளைத் தேய்க்க, உப்புநீர் மேற்பரப்பிலிருந்து சோடாவையும் சுண்ணத்தையும் சிறிது சிறிதாக இழுத்துக்கொள்ள, கண்ணாடி பனி படிந்ததுபோல் மங்கி மாணிக்கக் கல்லின் மென்மையை அடைகின்றது. பச்சை நிறம் இரும்பினால் வருவது. நீலம் கோபாற்றினால் வருவது. நீலத் துண்டு கிடைப்பது அரிது. எங்களுக்குக் கிடைத்தது பச்சைதான். கண்ணாடியைத் துளைக்கவும் வழியுண்டு. ஆயின் அதற்கு வைர நுனி ஊசியும், நீருக்குள் வைத்துத் துளைக்கும் பொறுமையும் வேண்டும். உலர்வாகத் துளைத்தால் எழுகின்ற தூள் நுரையீரலுக்குக் கேடு. பிள்ளைகள் கம்பியாற் சுற்றுவதோடு நிற்பதே நன்று.

போத்தற் கண்ணாடியை ஆபரணமாக்குவதிற் கைதேர்ந்தவர்கள் மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டுக் குரோபோ மக்கள். அவர்கள் செய்முறையை இங்கு சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன். ஏனெனில் அதில் நமக்குத் தெரிந்த ஒரு செடி வருகின்றது. வெறும் போத்தல்களை இரும்பு உரலிலிட்டு இடித்துத் தூளாக்கி அரித்தெடுக்கின்றனர். களிமண்ணால் ஓர் அச்சுத் தட்டைச் செய்து, அதிற் சிறு சிறு குழிகளை வைக்கின்றனர். கண்ணாடி ஒட்டாதிருக்க அக்குழிகளில் வெண்களிமண் கரைசலைப் பூசுகின்றனர். பின்பு ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலையின் காம்பு ஒன்றை நட்டு, அதனைச் சுற்றிக் கண்ணாடித் தூளை நிறம் நிறமாக நிரப்பிச் சூளையில் வைக்கின்றனர். தூள் இளகி ஒன்றாகும்போது காம்பு எரிந்து சாம்பலாகின்றது. அது நின்ற இடமே மணியின் துளை. சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு மணியைக் கூரிய இரும்பாற் சுழற்றித் துளையை ஒழுங்காக்கி, ஆறிய பின் கல்லின்மேல் மணலும் நீருமிட்டுத் தேய்த்து மெருகேற்றுகின்றனர். பருவமெய்திய பெண்களுக்கு அங்கே 'டிப்போ' என்ற பெயரில் ஒரு சடங்கு உண்டு. அன்று அப்பெண்கள் கழுத்திலும் இடையிலும் இம்மணிகளையே நிறைய அணிந்து வருகின்றனர். நம் ஊரில் அதே பருவத்துப் பெண்ணுக்கு நீராட்டு விழா வைத்து, எத்தனை பவுன் போட்டார்கள் என்று ஊரார் எண்ணுகின்றனர். அங்கேயும் எண்ணத்தான் செய்வர் என்க. மனித இயல்பு எங்கே போகும்? ஆயினும் எண்ணப்படுவதில் இடித்த போத்தலும் இருக்கின்றது என்பது எனக்கு ஒருவகை ஆறுதலாகவே இருக்கின்றது.

விதைகளுக்கு வருவோம். சிவந்த மஞ்சாடி விதை மாலைக்கு மிக ஏற்றது. நம் தட்டார் ஒரு காலத்தில் பொன்னை நிறுத்ததும் இவ்விதைகளாலேதான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய வாய்பாடு. பொன்னை அளந்த விதையையே பொன்னுக்குப் பதிலாக அணிவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மெல்லிய துளைப்பானால் முப்பது விதைகளைத் துளைத்தோம், பதினொன்று பிளந்தன. ஆனால், செம்மையும் கருமையுமாக அழகு காட்டும் குன்றிமணியைத் துளைத்தல் கூடவே கூடாது. அதன் தோலுக்குள் அபிரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கின்றது. தோல் முழுதாக இருக்கும்வரை அது வெளிப்படாது. துளைத்தாலோ மென்றாலோ உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் குன்றிமணி மாலை வேண்டாம் என்பதே என் முடிவு.

பழங் கைக்கடிகாரத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அதன் பற்சில்லுகளைக் கழற்றிக் காதணி செய்வது இப்போது பல நாடுகளிற் பரவியுள்ள வழக்கம். பார்க்க அழகாகவே இருக்கும். ஆயின் 1960 ஆம் ஆண்டுகள் வரையிற் செய்யப்பட்ட கடிகாரங்கள் சிலவற்றின் எண்களும் முட்களும் இருளில் ஒளிரும்படி இரேடியங் கலந்த பூச்சுப் பூசப்பட்டன. அப்பூச்சைத் தூரிகையாற் பூசிய அமெரிக்கப் பெண்கள் பலர் 1920 ஆம் ஆண்டுகளில் நோயுற்று மாண்டனர். இப்போது அக்கடிகாரங்கள் ஒளிர்வதில்லை. ஆதலால் நஞ்சு நீங்கிற்று என்று எண்ணிவிடக்கூடாது. ஒளிர்ந்த சேர்வைதான் தேய்ந்தது. இரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1600 ஆண்டுகள். எங்கள் கடிகாரத்தின் முட்களிலும் மங்கிய மஞ்சட் பூச்சு இருந்தது. நான் அதனைத் திறக்க விடவில்லை. மகளுக்கு ஏமாற்றந்தான். தந்தையின் கடிகாரம் அது. திறக்காதிருக்க எனக்கு வேறு காரணமும் உண்டு.

நிலத்திற் கிடக்கும் உலோகத்தைப் பற்றி வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நமக்கு நீளச் சொல்லவேண்டியதில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரிலே பிரான்சின் பதுங்குகுழிகளில் இருந்த போர்வீரர் எறிகணைகளின் மூக்கிலிருந்த அலுமினியத்தை உருக்கி மோதிரம் வார்த்து மனைவியர்க்கு அனுப்பினர். அவை இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அதை வாசித்துவிட்டு எந்தப் பிள்ளையும் காணியிற் கிடக்கும் இரும்பைத் தொடவேண்டாம். பார்த்த இடத்திலேயே விட்டுப் பெரியவர்களிடஞ் சொல்லுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. கந்தரோடை, மாந்தை போன்ற பழைய இடங்களில் மண்ணிலிருந்து சிறு மணிகள் வெளிப்படுவதுண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை என ஒற்றை நிறமுடைய, கடுகுக்குச் சற்றுப் பெரிய கண்ணாடி மணிகள். தென்னிந்தியாவில் அரிக்கமேட்டிலும், தென்கிழக்காசியக் கரையெங்கும் இவை கிடைத்துள்ளமையால் இந்து பசிபிக் மணிகள் என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டனர். கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. அவற்றைக் கோத்தால் எவ்வளவு அழகாயிருக்கும் என்று ஆசை வருவது இயல்பு. ஆனால் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாளுக்கு, முற்பட்ட பொருள்கள் தொல்பொருள்களாம். மண்ணிலிருந்து வெளிப்படும் அத்தகையவை அரசுக்குரியவை. சட்டத்தை விடுங்கள். ஒரு மணி எந்த ஆழத்தில், எந்த ஓட்டோடு கிடந்தது என்பதிலேதான் அதன் வரலாறு இருக்கின்றது. நம் முன்னோர் எங்கெங்கு வாணிகஞ் செய்தனர் என்பதற்குச் சாட்சி சொல்லவேண்டிய மணியை எடுத்துக் கழுத்திற் போட்டுக்கொண்டால், சாட்சியின் வாயை நாமே அடைத்தவராவோம். ஆமையோட்டையும் யானைத் தந்தத்தையும் இவ்வாறே தொடாது விடுக.

இப்போது அந்த மடித்த காகிதத்திற்கு வருகின்றேன்.

என் தாயாரிடம் ஒரு சோடி சிவப்புக் கல்லுத் தோடு இருந்தது. அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. ஏனைய நகைகள் ஒவ்வொன்றாக அடைவுக்குப் போய்த் திரும்பாதபோதும் தோடு மட்டும் காதில் நின்றது. 1995 அக்டோபர் 30 ஆம் நாள் இரவு, மழையில், வலிகாமத்து மக்கள் அனைவரோடும் நாங்களும் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தோம். விடிந்து பார்த்தபோது ஒரு காதிலே தோடில்லை. சனநெரிசலில் சுரை கழன்று எங்கோ விழுந்திருக்கின்றது. அன்றிலிருந்து மற்றதையும் அவர் அணியவில்லை. அது பெட்டிக்குட் போயிற்று.

என் மகள் பிறந்த 2011 ஆம் ஆண்டு எனக்கொரு எண்ணம் உதித்தது. அந்த ஒற்றைத் தோட்டைப் பதக்கமாக்கித் தாயாரின் சங்கிலியிற் கோத்துக் கொடுத்தால் எவ்வளவு மகிழ்வார்! அவரிடஞ் சொல்லாமலே எடுத்துக்கொண்டு ஒரு நகைவேலைக்காரரிடம் போனேன். "இதை ஒரு பதக்கமாக்கித் தாருங்கள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு கிழமை கழித்துப் போனபோது அவர் பளபளக்கும் பதக்கமொன்றை நீட்டினார். இலைபோன்ற வடிவம்; கண்ணைப் பறிக்கும் மெருகு. எடையில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. தராசில் வைத்துக் காட்டினார். கூடவே நான்காக மடித்த ஒரு காகிதத்தையுந் தந்தார். "கல்லுகள் பழசு, ஐயா, புதுசுக்குப் பொருந்தேல்லை" என்றார். தோட்டை உருக்கிவிட்டிருந்தார்.

அவரைக் குறைசொல்ல என்னால் இயலவில்லை. பொன்னைப் பொன்னாகக் கண்டவர் அவர். நான்தான் வேறொன்றைக் கொண்டுபோயிருந்தேன், அதனைச் சொல்லவில்லை. தாயார் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது, தம்பி" என்றார். ஒருநாளேனும் அணியவில்லை. காகிதத்தைக் கேட்டு வாங்கித் தகரப் பெட்டியில் வைத்தார். அதைப்பற்றி நாங்கள் இருவரும் அதன்பின் பேசியதேயில்லை.

இது நடந்து பல ஆண்டுகளின் பின்னரே, அத்தகைய தோட்டை எவ்வாறு கோத்திருக்கலாம் என்பதை என் மகள் எனக்குக் காட்டினாள். அவளுடைய தோழியின் வீட்டிலிருந்து அவ்வாறே ஒற்றையாய்ப் போன தோடொன்றைக் கொண்டுவந்திருந்தாள். பழைய கல்லுத் தோடுகளில் கல்லின் அடியில் அரக்கு நிரப்பியிருப்பர். ஆகையால் வளையம் பற்றவைக்கச் சூடு காட்டினாலும் அரக்கு உருகிக் கல் அசையும். அவள் சூடே காட்டவில்லை. மெல்லிய கம்பியில் ஒரு சிறு கண்ணியைச் செய்து, தோட்டின் தண்டிற் செருகிச் சுரையை இறுக்கினாள். கண்ணி தோட்டுக்கும் சுரைக்குமிடையே அகப்பட்டுக்கொண்டது. தூக்கிப் பிடித்தாள், தோடு பதக்கமாகத் தொங்கிற்று. சுரையைத் திருப்பினால் மீண்டும் தோடு. அரை நிமிட வேலை. நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகங் கழுவிக்கொண்டு வந்தேன்.

மாலை கோத்த விதத்தையுஞ் சொல்லிவிடுகின்றேன். வீட்டிற் செய்து பார்க்க விரும்பும் மாணவிகளுக்கு உதவும். கருவிகள் அதிகமில்லை. நுனி ஒடுங்கிய குறடு ஒன்று, கம்பி நறுக்கும் குறடு ஒன்று, வட்டக் கண்ணி வளைக்க ஓர் ஆணி. பழைய மின்கம்பியிலிருந்து செப்பை உரித்தெடுக்கலாம். உறையை எரித்து எடுக்கவேண்டாம். அந்தப் புகை நஞ்சு. கத்தியால் நீளவாட்டிற் கீறி உரியுங்கள். தாங்கும் கம்பி 0.8 மில்லிமீற்றர் தடிப்பிலும், சுற்றும் கம்பி அதிற் பாதித் தடிப்பிலும் இருந்தால் கைக்கு இசையும். முனைகளை உள்நோக்கி வளைத்துவிடுங்கள். அன்றேல் கழுத்தைக் கீறும். செம்பு தோலிற் பச்சைக் கறை பிடிக்கும். கழுவினாற் போய்விடும், தீங்கில்லை. நிக்கல் பூச்சுள்ள பழம்பொருள்தான் சிலருக்குச் சொறியை உண்டாக்கும். அதன் பின்புறத்திற் பருத்தித் துணியை ஒட்டிக்கொள்க. கோப்பதற்கு மீன்பிடிக்கும் தங்கூஸ் உறுதியானது, ஆயினும் முடிச்சு வழுக்கும். பாரமில்லாத மாலைக்கு மெழுகு தடவிய பருத்தி நூலே நன்று. ஒவ்வொரு மணிக்கும் இடையே ஒரு முடிச்சுப் போடவேண்டும். முத்து மாலை கோப்பவர்கள் செய்வது இதுவே. நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும்.

எஞ்சிய பத்தொன்பது மஞ்சாடிகளும், பொத்தான்களும், கம்பி சுற்றிய பச்சைக் கண்ணாடியும், இதழ் விளிம்பு நாணயமும் இரு பக்கமாக ஏறின. போளை உருண்டையாகையால் கம்பிக் கூண்டில் அடைபட மறுத்து இரண்டு நாள் அழிச்சாட்டியம் பண்ணிற்று, பின்பு அடங்கியது. நடுவில் எதனைத் தொங்கவிடுவது என்பதே கேள்வி. மகள் திறப்பை எடுத்தாள்.

எனக்கு அதில் விருப்பமில்லை. வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் வீட்டின் திறப்பு அது. 1990 ஆம் ஆண்டு நாங்கள் அங்கிருந்து புறப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுவோம் என்றே எல்லாரும் எண்ணினோம். நெடுங்காலங் கழித்துக் காணி விடப்பட்டபோது போய்ப் பார்த்தோம். கிணறு இருந்தது, வீடு இல்லை. கதவில்லாத திறப்பை ஒரு பிள்ளை கழுத்திற் போட்டுக்கொண்டு திரிவது எனக்கு ஒவ்வாதிருந்தது. "அதை வை" என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது போலும். உள்ளேயிருந்த தாயார் வெளியே வந்தார். "ஏன் தம்பி, பிள்ளை எடுக்கட்டன்" என்றார்.

இரும்புக்கு அமிலம் வேண்டாம் என்பதை மகள் இப்போது அறிந்திருந்தாள். பழைய பற்றூரிகையாற் துருவைத் தட்டி, வெயிலிற் சூடேற்றி, தேன்மெழுகைத் தடவித் துணியால் அழுத்தித் துடைத்தாள். துரு மேலும் ஏறாது; சட்டையிலுங் கறைபடாது. திறப்பின் தலைவளையத்திலேயே நூலைச் செலுத்தி முடித்தாள். துளையுமில்லை, வெட்டுமில்லை.

மாலையைத் தாயாரிடம் கொடுத்தாள். அவருக்குக் கண்பார்வை இப்போது சற்றுக் குறைவு. விரல்களாற் தடவிக்கொண்டே வந்தார். பொத்தான், கண்ணாடி, மஞ்சாடி. திறப்பு வந்ததும் விரல் நின்றது. அதன் பற்களை மெல்ல வருடினார்.

"இது முன்கதவுத் திறப்பெண்டோ நீங்கள் எல்லாரும் நினைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா" என்றேன்.

"இல்லை, இது குசினித் திறப்பு. முன்கதவுக்கு உள்ளாலை கொண்டி போட்டிட்டு, குசினிக் கதவாலைதானே வெளிக்கிட்டனாங்கள். கடைசியாப் பூட்டினது இதாலைதான்." சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு மாலையைப் பேத்தியின் கழுத்திற் போட்டுத் திறப்பை நேராக்கி விட்டார். "அண்டைக்குத் தோசைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தனான், மோனை. அப்பிடியே விட்டிட்டு வந்தம்" என்றார்.